ஊசியும் தூரிகையும்

'கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' கேமில் ஆரம்பத்தில் வருகிற எதிரிகளே போங்கு ஆடுகிறவர்கள். ஈட்டியை ஓங்குவான். அடி விழப்போகிறது என்று நாம் பட்டனைத் தட்டுவோம். அவனோ ஓங்கிய கையை அந்தரத்திலேயே நிறுத்தி, நம் தடுப்பு கலையும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம் குத்துவான். தொடக்கத்தில் எரிச்சல்தான். போகப்போக, கண் ஈட்டியை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கப் பழகுகிறது. வீச்சுக்கு முன்னால் எழும் சின்ன ஒலியைக் காது பிடித்துக்கொள்கிறது. அடுத்த தடவை ஆர்1 பட்டனை அழுத்தும்போது 'டங்' என்று உலோகச் சத்தம் கேட்கும். வந்த அடிகளையெல்லாம் இப்படித் தடுத்துவிட்டால், நம் ஆள் சுழன்று வந்து திருப்பி ஒன்று கொடுப்பான் பாருங்கள், 2025-இல் வந்த வேறெந்த கேமிலும் விரலுக்கு அப்படியொரு சுகம் எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இது 'டர்ன் பேஸ்டு' வகை. நம் முறை வந்தால் நாம் அடிக்கலாம், எதிரியின் முறை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வகையின் பழைய ஏற்பாடு. இது இனிமேல் விலைபோகாது என்று பெரிய கம்பெனிகள் சில முடிவுகட்டிவிட்டன. இந்த வகையை உலகமெங்கும் கொண்டுசேர்த்த 'ஃபைனல் ஃபேன்டசி'யே 2023-இல் வந்த 16-ஆம் பாகத்தில் முழு அடிதடிக்கு மாறிவிட்டது. எக்ஸ்பெடிஷன் 33-ஐ எடுத்த, பிரான்சின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் நிறுவனம் ஏற்பாட்டைக் கலைக்கவில்லை, எதிரியின் முறையிலும் நமக்கு வேலை கொடுத்தது. ஒவ்வொரு தடுப்புக்கும் ஓர் ஆக்‌ஷன் பாயின்ட் சேரும், அந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் பெரிய தாக்குதல்களைத் தொடுக்க முடியும். விலகித் தப்பிப்பது இதைவிட எளிது. ஆனால் அதற்கென்று 'பிக்டோஸ்' என்ற திறன் தரும் அணி ஒன்றை மாட்டிக்கொள்ளாவிட்டால் அதில் லாபம் இல்லை. வெர்ஸோ என்ற பாத்திரத்துக்கு டி-யிலிருந்து எஸ் வரை தரவரிசை உண்டு. அடித்தால் ஏறும், அடிபட்டால் இறங்கும். எஸ் தரத்தில் இருக்கும்போது ஒரு சாதாரண எதிரிக்கு எதிராகக்கூட நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறோம்.

கதை கேட்க எளிமையாக இருக்கும், நினைக்க நினைக்கக் கனக்கும். ஒரு ஓவியக்காரி வருடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, தூரத்தில் நிற்கும் பிரம்மாண்டமான கல்லில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதை எட்டியவர்களெல்லாம் பூவிதழாக உதிர்ந்து காணாமல் போகிறார்கள். எண் ஆண்டுதோறும் குறைகிறது. இப்போது 33. எஞ்சியிருப்பவர்களில் சிலர் அவளைத் தடுக்கப் புறப்படுகிறார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் கடலடிச் செடிகள் அசைய, தலைக்குமேல் திமிங்கலம் மிதந்துபோகும் 'ஃப்ளையிங் வாட்டர்ஸ்' பகுதியில் சண்டையை மறந்து சும்மா நடந்துகொண்டிருக்கலாம். லோரியன் தெஸ்தார் இசையமைத்த முதல் கேம் இது. போர்க்களப் பாட்டுகளை நான் கேமுக்கு வெளியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. பகுதிகளுக்குள் சிறு வரைபடம் கிடையாது. முதலில் இது துணிச்சலாகத் தெரியும், ஒரே மாதிரியான இரண்டு பாறைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வரும்போது அந்த எண்ணம் போய்விடும். குதித்து ஏறும் இடங்களில் பாத்திரத்தின் கால் சொன்னபடி கேட்பதில்லை. நான்கு சண்டைக்கு ஒரு பிக்டோஸை அணிந்தால் அதன் திறன் 'லூமினா'வாக எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அருமையான யோசனை. ஆனால் லூமினாக்கள் நூற்றுக்கும் மேலே போனபின், அந்த மெனுவில் ஒன்றைத் தேடுவது ரேஷன் கடைப் பதிவேட்டில் பெயர் தேடுவதுபோல ஆகிவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் இன்னொரு சிக்கல். 9,999 என்று இருந்த அடியின் உச்சவரம்பு அங்கே நீங்குகிறது. கிளைவேலைகளை முடித்துவிட்டு வருகிறவன் கையில் கடைசி பாஸ் ஓரிரு அடியில் விழுந்துவிடும். கதை உச்சத்துக்குப் போகிற நேரத்தில் சண்டை சப்பென்று ஆகிறது. கடைசிச் சண்டையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கிளைவேலைக்குப் போங்கள்.

முப்பது சொச்சம் பேர் எடுத்த கேம் என்று இதைப் புகழ்ந்தவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்தினார்கள். மையக் குழு சிறியதுதான். அதோடு அசைவூட்டம், சோதனை, மொழிபெயர்ப்பு, குரல் என்று வெளியாட்கள் பலர் உழைத்திருக்கிறார்கள், பெயர்ப்பட்டியலை ஓடவிட்டால் தெரியும். சார்லி காக்ஸும் ஆண்டி செர்கிஸும் குரல் கொடுத்த கேமைக் 'குடிசைத் தொழில்' என்பது அந்த வெளியாட்களின் உழைப்பை மறைப்பதாகும். ஆனாலும் நூற்றுக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் வைத்துக் கட்டும் கோட்டைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய வீடுதான், விலையும் 50 டாலர்தான். கேம் பாஸ் சந்தாவில் முதல் நாளே வந்தும், 2025 அக்டோபருக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றன. டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகளை அள்ளியது.

ஊசிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி, உண்மையிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டது. அவர்களுடைய 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வந்தது. அன்றைக்கு ஸ்டீம் முதல் நின்டெண்டோ வரை கடைகள் கூட்டம் தாங்காமல் தடுமாறின.

கதாநாயகி ஹார்னெட் கையில் ஒரு நீண்ட ஊசி. இதற்கு முந்தைய பாகமான 'ஹாலோ நைட்'டில் எதிரியின் தலைமேல் நேராகக் கீழே வெட்டித் துள்ளலாம். இதில் அவள் சாய்வாகப் பாய்கிறாள். பழைய பழக்கத்தோடு வருகிறவனுக்கு இந்தச் சாய்வுதான் முதல் வில்லன். 'ஹன்டர்ஸ் மார்ச்' பகுதியில் சிவப்பு மொட்டுகளின்மேல் ஒவ்வொன்றாகப் பாய்ந்து துள்ளிப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். எங்கே நின்று குதித்தால் சாய்வு மொட்டின்மேல் போய் முடியும் என்பதை மூளை கணக்குப்போடாது, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டபின் முழு வரைபடமும் வேறாகத் தெரிகிறது. இது சரிப்பட்டே வராது என்கிறவர்கள் சண்டைமுறையை மாற்றும் 'வாண்டரர்' கிரெஸ்டைத் தேடி மாட்டிக்கொண்டால் பழைய நேர்வெட்டு கிடைக்கும்.

அதே பகுதியில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. இந்த வகை கேமில் பெஞ்ச் என்றால் நிம்மதி. உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், செத்தால் அங்கிருந்து மீளலாம். தட்டுத்தடுமாறி வந்து உட்கார்ந்தால் பொறி இயங்கி அடி விழுகிறது! அதை முடக்கும் வழியும் பக்கத்திலேயே ஒளிந்திருக்கிறது. இந்தக் குறும்பை நான் முழு மனதோடு ரசித்தேன். பெஞ்சில் உட்கார மணிக்காசு கேட்பதைத்தான் ரசிக்கவில்லை. சாதாரண எதிரிகள் பலர் காசே தருவதில்லை, செத்தால் இருப்பதும் வழியில் கிடக்கிறது, மாலையாகக் கோத்துப் பத்திரப்படுத்தவும் கட்டணம். தொடக்கத்தில் ஹார்னெட்டுக்கு ஐந்து உயிர்முகமூடிகள், பல பாஸ்கள் அடிக்கு இரண்டைப் பறிக்கிறார்கள். மூன்று அடியில் ஆட்டம் காலி. அதற்கு ஈடாக, சேர்த்துவைத்த பட்டு நூலைச் செலவழித்தால் ஒரே மூச்சில் மூன்று முகமூடி திரும்புகிறது என்பதால் கணக்கு ஒருவாறு நேராகிறது. 'லாஸ்ட் ஜட்ஜ்' பாஸிடம் ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு நீண்ட தூரம் ஓடித் திரும்புவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. அவரும் தோற்றபின் வெடித்துச் சிதறுவார், வென்ற மகிழ்ச்சியில் பக்கத்தில் நிற்காதீர்கள். வெளியான கொஞ்ச நாளிலேயே டீம் செர்ரி ஆரம்ப பாஸ்களைச் சற்றுத் தணித்து, பெஞ்ச் விலையையும் குறைத்தது. கடினம் என்பதே கலை என்று இணையத்தில் வாதாடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

இரண்டு கேம்களையும் சேர்த்து வாங்கினால் 70 டாலர். 2025-இல் பெரிய கம்பெனிகளின் ஒரே ஒரு கேமுக்கான வழக்கமான விலை அது. நின்டெண்டோ 'மரியோ கார்ட் வேர்ல்டு'க்கு 80 டாலர் வைத்தது. மைக்ரோசாஃப்ட் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'க்கு 80 என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 70-க்கு இறங்கியது. அக்டோபரில் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 ஆக்கியது. கன்சோல் கதை இன்னும் விசித்திரம். வயதாக ஆக விலை குறைவதுதான் கன்சோல்களின் வழக்கம். 2020-இல் 500 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 முடிவதற்குள் இருமுறை ஏறி 650-இல் நின்றது. பிஎஸ்5-உம் அதே திசையில்தான். பிசி கட்டுகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் உறிஞ்ச, ரேம் விலை எகிறியது. மைக்ரான் தன் 'குருஷல்' சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது.

இந்த உயர்வுக்கு உற்பத்திச் செலவைக் காரணம் காட்டுகிறார்கள். அந்தச் செலவு எதற்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டே வாரம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு ஸ்டுடியோவையும் மூடினார்கள். துப்பாக்கி கையில் பிடிக்க மோசமில்லை என்றுதான் ஆடியவர்களில் பலர் சொன்னார்கள். ஆனால் அது முடிவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆளைப் பிடித்துவைக்கும் 'லைவ் சர்வீஸ்' சந்தைக்காகக் கட்டப்பட்டது, அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஃபோர்ட்நைட் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான் என்பதை இந்தத் துறையின் நிதி அதிகாரிகள் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

மூடினால் வாங்கியவன் கதி என்ன என்பது அடுத்த சண்டை. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' சர்வரை நிறுத்தியதும், தனியாக ஓட்டக்கூடிய கார் பந்தயமும் சேர்ந்து செத்துப்போனது. அதிலிருந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஸ்டீமில் காசு கட்டுமுன் 'நீங்கள் வாங்குவது உரிமம்' என்ற அறிவிப்பு வருவது கலிபோர்னியா சட்டம் ஒன்று வந்ததை ஒட்டி.

சின்ன கேம்களெல்லாம் உத்தமம் என்றும் சொல்ல முடியாது. சில்க்சாங்கின் தேதி இரண்டு வாரத்துக்கு முன்புதான் அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் வரவிருந்த குட்டி கேம்கள் பல பயந்து தேதியைத் தள்ளிக்கொண்டன. எக்ஸ்பெடிஷன் 33-இல் ஏஐ வரைந்த தற்காலிகப் பரப்புகள் சில வெளியீட்டில் தங்கிவிட்டன, சில நாளில் மாற்றப்பட்டன. ஏஐ பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் பெற்ற 'இண்டி கேம் அவார்ட்ஸ்' பரிசுகளை அந்த அமைப்பு டிசம்பரில் திரும்பப் பெற்றது. விதியை ஒப்புக்கொண்டு போட்டியில் நுழைந்தார்கள், ஆகவே பறித்தது நியாயம். அதற்காக மற்றபடி மனிதக் கை பட்ட கேமை முழுக்க ஒதுக்குவது அவசரம்.

எது வாங்கலாம்? கதைக்காக வருகிறவர்கள் எக்ஸ்பெடிஷன் 33. தடுப்பு கைவராவிட்டால் 'ஸ்டோரி' நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பொறுமையும் கொஞ்சம் வீம்பும் உள்ளவர்கள் சில்க்சாங், ஆனால் முந்தைய பாகத்தை ஆடிவிட்டு வருவது நல்லது. இரண்டையுமே கன்ட்ரோலரில் ஆடுங்கள். டிவியில் ஆடுவதானால் 'கேம் மோட்' போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் படம் ஒரு நொடியின் சின்னப் பின்னம் தாமதித்தே வரும், தடுப்புகள் தப்பிக்கொண்டே இருக்கும். ப்ளூடூத் இயர்போனும் வேண்டாம், அதில் சத்தம் பிந்தி வருகிறது. எதிரி அடித்து முடித்தபிறகு அந்த ஒலியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.