'தூங்கு' என்னும் சொல்: பொருளும் வழக்கும்

பழந்தமிழ் நூல்களைக் கற்போர்க்கு அறியாத சொல்லால் வரும் இடரினும் அறிந்த சொல்லால் வரும் இடர் பெரிது. அறியாத சொல்லுக்கு அகராதியை நாடுகிறோம். அறிந்ததாகக் கருதும் சொல்லை ஐயமின்றிக் கடந்து செல்கிறோம். 'தூங்கு' என்பது அத்தகைய சொல். இன்று பெரிதும் உறக்கத்தையே குறிக்கும் இச்சொல்லின் பொருள் வளர்ச்சியையும், அதனை மறந்து வாசிப்பதால் நேரும் பிழையையும் ஈண்டு ஆராய்வோம்.

அகராதிகள் இச்சொல்லுக்குத் தொங்குதல், ஊசலாடுதல், தாழ்த்தல், உறங்குதல் முதலான பொருள்களை எண்ணிட்டுத் தருகின்றன. எண் வரிசை, வேர் எது கிளை எது என்பதை விளக்குவதில்லை. இனமொழிகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். மலையாளத்தில் 'தூங்ஙுக' என்பது தொங்குதல். 'உறக்கம் தூங்ஙுக' என்பது உறக்கத்தால் தலை சாய்ந்தாடுதல். தெலுங்கில் 'தூகு' என்பது ஊசலாடுதலையும் உறக்கத்தில் தலையசைதலையும் உணர்த்தும். கன்னடத்தில் 'தூகு' என்பது ஊசலாட்டுதலையும் எடையிடுதலையும் சுட்டும். ஆகவே, மேலே பற்றுக்கோடு கொண்டு கீழ்நோக்கித் தாழ்ந்தாடுதலே இச்சொல்லின் அடிப்படைப் பொருள் எனலாம். அமர்ந்தவாறே கண்ணயர்பவனின் தலை தாழ்ந்தாடும் நிலையே தொங்குதலுக்கும் உறக்கத்திற்கும் பாலமாயிற்று.

இவ்வேரிலிருந்து கிளைகள் இருவழிப் பிரிகின்றன. தொங்கவிட்டு எடையறியும் செயல் 'தூக்குதல்' ஆகி, நன்மை தீமைகளைச் 'சீர்தூக்கி'ப் பார்த்தல் வரை உயர்ந்தது. ஊசலின் மெதுவான அசைவு தாமதத்தையும் சோர்வையும் குறித்துப் பின் உறக்கத்தில் நிலைத்தது. சங்கப் பாடல்களில் வரும் 'தூங்கணங்குரீஇ' கூட்டினைத் தொங்கவிடும் பறவையேயன்றி உறங்கும் பறவை அன்று.

யாப்பிலக்கணத்தில் வஞ்சிப்பாவுக்குரிய ஓசை தூங்கல் எனப்படும். இதனை 'உறங்கவைக்கும் ஓசை' என மாணவர் விளங்கிக்கொள்வது பொருந்தாது. கலிப்பாவின் ஓசை துள்ளல் என்பதை இதனோடு வைத்து நோக்க வேண்டும். துள்ளல் எழுந்து குதிக்கும் நடை. தூங்கல் தாழ்ந்து அசையும் நடை. இரண்டும் இயக்கத்தின் பெயர்களே. பெண்ணாகடத்துத் 'தூங்கானை மாடம்' என்னும் கோயிற்பெயரை உறங்கும் யானையோடு சேர்த்து விளக்குவது பெருவழக்கு. அவ்வடிவத்தைச் சுட்டும் வடமொழிப் பெயரான 'கஜபிருஷ்டம்' யானையின் பின்புறத்தை மட்டுமே கூறுகிறது. உறக்கம் அதில் இல்லை. அசைந்தாடி நிற்கும் யானை எனக் கொள்வதற்கும் இங்கு இடமுண்டு என்பது நம் கருத்து.

பொருள் மயக்கத்தின் விளைவைத் திருக்குறளில் நன்கு காணலாம். வினைசெயல்வகை அதிகாரத்தின் 672ஆம் குறளில் இச்சொல் காலம் நீட்டித்தலைக் குறிக்கிறது. அங்கு உறக்கம் எனக் கொண்டால் பொருள் நகைப்புக்கிடமாகும். ஆதலின் வாசகன் உடனே தன்னைத் திருத்திக்கொள்வான். இறைமாட்சி அதிகாரத்தின் 383ஆம் குறளில் நிலைமை வேறு. நாடாள்வோனுக்குரிய பண்புகளுள் முதலாவதாகச் சொல்லப்படும் 'தூங்காமை'யை 'உறங்காமை' எனக் கொண்டாலும் தொடர் இடறுவதில்லை. குடிகளுக்காகக் கண்விழிக்கும் மன்னன் என்னும் அழகிய காட்சியும் கிடைக்கிறது. ஆயினும் வள்ளுவர் வேண்டுவது காலந்தாழ்த்தாமை. விழித்திருந்தும் முடிவெடுக்கத் தயங்கும் ஆட்சியாளர் எக்காலத்தும் உளர். அக்குறையையே குறள் சுட்டுகிறது. உறங்காமை எனக் கொண்டால் அச்சாட்டு மறைந்துவிடும். பொருந்தாத பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பொருந்திவிடும் பிழையோ தலைமுறைதோறும் நிலைக்கும்.

பழம்பொருள் இன்று முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை. யாழ்ப்பாண வழக்கில் உறங்குதலை 'நித்திரை கொள்ளுதல்' என்பர். தூங்குதல் அங்குத் தொங்குதலாகவே நிற்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் நிழல்தரும் தூங்குமூஞ்சி மரமும் கருதத்தக்கது. வெப்ப மண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1876இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. மாலையிலும் மழைக்காலத்திலும் இதன் இலைகள் மடிந்து தொங்கும். மலாய் மக்கள் பொழுதை நோக்கி இதனைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்றனர். தமிழர் இலையின் தோற்றத்தை நோக்கிப் பெயரிட்டனர். தொங்குதலும் உறங்குதலும் ஒருங்கே பொருந்தும் பெயர் அது.

பள்ளி, பல்கலைக்கழக உரைக்குறிப்புகள் அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். 'தூங்கு', 'நாற்றம்' போன்று வடிவம் மாறாது பொருள் மாறிய சொற்களுக்கே குறிப்பு முதலில் தேவை. மாணவன் தானே ஐயுற மாட்டாத இடத்தில் அவனுக்காக ஐயுறுவதே உரையாசிரியரின் பணியாகும்.