முக்கால் என்ற சொல்லிலேயே கணக்கு இருக்கிறது

கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்ற, ‘பெருக்கு, கூட்டு, மேலே எழுது’ என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். விடை வந்துவிடுகிறது. ஏன் பெருக்கினாய் என்று கேட்டால் மாணவர் முழிக்கிறார்.

தமிழ்ப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். பங்சார் கடையில் இரண்டே முக்கால் ரொட்டி சாப்பிட்டால் எத்தனை கால்? ஒரு ரொட்டிக்கு 4 கால், இரண்டுக்கு 8, அதோட 3. மொத்தம் 11 கால், அதாவது 11/4. பழந்தமிழ்க் கணக்கிலும் 1/20 ‘மா’; 3/20 ‘மூன்று மா’.

இன்று ‘ஐந்தில் மூன்று’ என்று வாசிக்கும்போது இந்த அலகு மறைந்துவிடுகிறது. ஆகவே 2⅗ வந்தால், இரண்டில் 10 ‘ஐந்திலொன்று’, இன்னும் 3, ஆக 13 என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். தேர்வில் நேரம் மிச்சமாக வாய்பாடு உதவும். இது புரிந்தபின் அதைக் கொடுப்போம்.