பெயரும் போக்கும்: ஒரு மனநோய் வகைப்பாட்டின் மீது திறனாய்வு

மனநோய்களை வகைப்படுத்தும் கையேடுகளை மருத்துவர் பயன்படுத்துகின்றனர். அவற்றை நூல்களாகக் கொண்டு அவற்றின் வாதத்தை ஆராய்வோர் சிலரே. ஆயினும் அவற்றில் காணும் ஓர் உட்பிரிவின் பெயர், நோயுற்றவர் எந்த மருந்தை எத்தனை காலம் உட்கொள்வார், அவர் குடும்பத்தார் எதை எதிர்பார்ப்பர் என்பவற்றைத் தீர்மானிக்கக் கூடியது. ஆதலின் இந்நூல்களும் திறனாய்வுக்கு உரியனவே. மனச்சிதைவின் அடையாளங்களும் மனவெழுச்சிக் கோளாற்றின் அடையாளங்களும் ஒருவரிடத்தில் கலந்து தோன்றும் 'ஸ்கிசோ-அபெக்டிவ்' நோயை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

பிரிவினையின் தோற்றம்

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் (1899) பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பின்னாளில் மனச்சிதைவு எனப் பெயர் பெற்றது. மற்றது, மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய். அவர் கொண்ட அளவுகோல் நோயின் போக்கு. முன்னது நலிவை நோக்கிச் செல்வது. பின்னது தணிந்து நலம் திரும்புவது. எனினும் பல நோயாளரிடத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலவில்லை என்பதை 1920இல் அவரே ஒப்புக்கொண்டார்.

1933இல் அமெரிக்காவில் ஜேக்கப் கசானின், ஒன்பது நோயாளரின் வரலாற்றைக் கொண்டு இப்புதிய பெயரை வழங்கினார். அவர்கள் இளவயதினர், உள்ளக் கொந்தளிப்பு மிக்க சூழலில் திடீரென நோயுற்று, சில வாரங்களிலோ மாதங்களிலோ நலமடைந்தவர்கள். இப்பெயர் தோன்றியபோது அது நலம்பெறும் நம்பிக்கையையும் உடன்கொண்டு வந்தது என்பது கருதத்தக்கது.

கையேடுகள் செய்தது என்ன?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் முதல் இரு கையேடுகளும் (1952, 1968) இந்நோயை மனச்சிதைவின் ஒரு வகையாகவே வைத்தன. 1980ஆம் ஆண்டின் மூன்றாம் கையேடு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு வரையறை கூறாது விட்டது. 1987இல் வந்த திருத்தப் பதிப்பு ஒரு கணக்கை நுழைத்தது: மனவெழுச்சிக் கோளாறு இல்லாத வேளையிலும் பொய்க் குரல்களோ ஆதாரமற்ற நம்பிக்கைகளோ இரண்டு வாரமேனும் நீடிக்கவேண்டும். இருதுருவ வகை, மனச்சோர்வு வகை என்னும் உட்பிரிவுகளும் அதில் அமைந்தன. 2013இல் வந்த ஐந்தாம் கையேடோ, நோயின் மொத்தக் காலத்தில் பெரும்பகுதி மனவெழுச்சிக் கோளாறு இருந்திருக்கவேண்டும் என்றது.

இக்கணக்கின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருவர் மூன்று மாதம் கடும் மனச்சோர்வுற்று, அக்காலத்திலேயே மனச்சிதைவின் அடையாளங்களையும் முழுமையாகக் கொண்டிருந்தார். சோர்வு நீங்கியது, குரல்கள் மட்டும் தொடர்ந்தன. அவை பத்து நாளில் ஓய்ந்தால் அவருக்கு உள்ளது மனச்சோர்வு நோய். பதினைந்து நாள் நீடித்தால் ஸ்கிசோ-அபெக்டிவ். ஓராண்டு நீடித்தால் மனச்சிதைவு. இம்மூன்று பெயர்களிடையே ஒன்றைத் தேர்வது பெரும்பாலும் குடும்பத்தாரின் ஞாபகம்!

உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடு (2022 முதல் நடைமுறையில் உள்ளது) வேறு வழி செல்கிறது. இருவகை அடையாளங்களும் ஒருங்கே நான்கு வாரமேனும் நிலவின் போதும் என்கிறது. ஆகவே குரல்கள் பத்தாம் நாளில் ஓய்ந்த அதே நோயாளி இங்கே ஸ்கிசோ-அபெக்டிவ் ஆகிறார். உட்பிரிவுகளும் மாறின. பத்தாம் வகைப்பாடு மிகையெழுச்சி, மனச்சோர்வு, கலப்பு எனப் பிரித்தது. இதுவோ முதல் தாக்கம், பல தாக்கங்கள், தொடர்நிலை எனப் பிரிக்கிறது.

மதிப்பீடு

எண்களால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஒரே தன்மையுள்ள நோயாளரை நியூயார்க் மருத்துவர் மனச்சிதைவு என்றும், இலண்டன் மருத்துவர் மனவெழுச்சி நோய் என்றும் கூறிவந்த நிலையை 1972இல் வெளியான ஆய்வு ஒன்று வெளிக்கொணர்ந்தது. பொது வரையறை அம்முரண்பாட்டைக் குறைத்தது. ஆனால் மருத்துவரிடையே உடன்பாடு வேறு, உண்மை வேறு. சுவீடனில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் உள்ள மரபுக் காரணங்களிற் பல பொதுவானவை எனக் காட்டிற்று. பதினான்காம் நாளில் இயற்கை கோடு கிழிக்கவில்லை, கிழித்தவர் மனிதர்.

எல்லை மங்கலாயிருப்பது குறையன்று. அம்மங்கலை எண்ணால் மறைப்பதே குறை. மேலும் ஒவ்வொரு நூலும் மற்றது காத்த ஒன்றை இழந்துள்ளது. அமெரிக்க நூல், மிகையெழுச்சி வந்ததுண்டா என வினவுவதால் லித்தியம் போன்ற மருந்தைத் தேர்வதற்கு வழிகாட்டுகிறது. ஆயின் நலம் திரும்பியதா என்பதை உட்பிரிவின் பெயரில் கூறுவதில்லை. உலக நிறுவனத்தின் நூல் போக்கைக் கூறுகிறது. மனவெழுச்சியின் திசையை உட்பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. கசானின் தம் ஒன்பது நோயாளரிடம் இவ்விரண்டையும் சேர்த்தே கண்டார்.

ஆதலின் உட்பிரிவின் பெயரைத் தீர்ப்பாகக் கொள்ளாது, தேதியிட்ட குறிப்பாகக் கொள்வதே தக்கது. நோயுற்றோர் குடும்பங்களுக்கு ஆலோசனை கூறுவோர் செய்யக்கூடிய பணியும் இங்கே உண்டு. குரல்கள் எப்போது தொடங்கின, சோர்வு எப்போது நீங்கியது, இடையில் முழு நலம் இருந்ததா என்பவற்றை அவ்வப்போது எழுதிவைக்கும்படி அவர்களுக்குச் சொல்லலாம். மருத்துவர் பெயரை மாற்றும்போது முன்னவர் தவறிவிட்டார் என்றோ, நோய் முற்றிவிட்டது என்றோ குடும்பத்தார் கலங்கவேண்டியதில்லை என்பதையும் விளக்கலாம். பெரும்பாலும் மாறுவது, கணக்கில் சேர்ந்த நாட்களின் தொகையே.