படர்க்கையில் பேசும் பெண்

'அனிமே' என வழங்கும் ஜப்பானியச் சித்திரப் படத்தொடர்கள் சிறுவர்க்கே உரியன என்று ஆசிரியர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'தோ ஆரு ககாகு நோ ரெயில்கன் எஸ்' என்னும் தொடரைக் கண்டார் அவ்வாறு ஒதுக்கார். கமாச்சி கசுமாவின் கதையைத் தழுவிய இதனை இயக்கியவர் நாகாய் தத்சுயுகி.

டோக்கியோவின் மேற்கே அமைந்ததாகக் கற்பிக்கப்பட்ட கல்வி நகரமே கதைக்களம். மக்கள் 23 இலட்சம். அவருள் நூற்றுக்கு எண்பதின்மர் மாணவர். அவர்தம் மன ஆற்றல் சுழி முதல் ஐந்து வரை படி வகுத்து அளக்கப்படும். ஐந்தாம் படியினர் எழுவரே. அவருள் மூன்றாமவள் மிசாகா மிகோடோ, மின்னாற்றல் உடையவள். மூன்றாம் படிக்குக் குறைந்தோரைச் சேர்க்காத தோகிவாதாய் மகளிர் பள்ளியில் விடுதி மாணவி. முதற்படியில் தொடங்கி உழைப்பால் உயர்ந்தவளாதலின் ஏனையோர்க்கு அவளையே எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

அவ்வுயர்வே விலைப்பொருளாகிறது. தசை நலிவு நோயாளர்க்கு உதவும் என்று நம்பி இளமையில் அவள் அளித்த மரபணு வரைபடத்தைக் கொண்டு, படைக்கெனக் குளோன் முறையில் அவள் நகல்களை ஆக்க முற்படுகின்றனர். நகலின் ஆற்றல் மூலத்தில் நூற்றில் ஒரு பங்கும் தேறாது எனக் கணிப்பொறி உரைக்கவே, அத்திட்டம் கைவிடப்படுகிறது. பின்னர், முதலிடத்து மாணவனை ஆறாம் படிக்கு ஏற்றுதற்பொருட்டு 20,000 நகல்களை அவன் கையால் கொல்விக்கத் துணிகின்றனர். 14 நாளில் வளர்த்தெடுக்கும் ஒருத்தியின் விலை 180,000 யென். பெயர் இல்லை, எண்ணே உண்டு.

தமிழாசிரியர் கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நகற்பெண் தன் கூற்றுதோறும், அதனை மொழிபவள் மிசாகா என்று தன்னையே அயலாள்போற் சுட்டி முடிக்கிறாள். ஜப்பானிய வினையில் இடங்காட்டும் விகுதி இல்லை. தமிழிற் பெயர்ப்போமாயின் 'சொல்கிறேன்' என்பது 'சொல்கிறாள்' ஆகிவிடும். 'ஏன்' விகுதி பறிக்கப்பட்டவள் அவள்! கொல்லுதற்கென்றே ஆக்கிய உயிர்க்குத் தன்மை இடம் எதற்கு என்பது ஆக்கியோர் கருத்துப் போலும்.

எனினும் 9982ஆம் எண்ணுடையாள் பூனைக்குட்டிக்கு இரங்குகிறாள். மிகோடோ விளையாட்டாய்ச் சூட்டிய தவளைச் சின்னத்தைத் திருப்பிக் கேட்க, முதற்பரிசு என்று தர மறுக்கிறாள். அன்றிரவே காலிழந்து, அச்சின்னத்தை நோக்கித் தவழ்ந்து, அதனை மார்போடு அணைத்துக்கொண்டு மாள்கிறாள். தொடர் முழுவதிலும் இக்காட்சிக்கு நிகரானது வேறில்லை.

முடிவில் சுழிப்படி மாணவன் ஒருவன் கைக்குத்தால் கொலைஞனை வீழ்த்துகிறான். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்பாரும் உளர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வலியோன் தோற்றமையால் கணிப்புப் பொய்த்தது; ஆதலின் ஆய்வு நின்றது. அறிவியலார் எவரும் நாணி நிறுத்தினாரல்லர். 10,031 பேர் மாண்ட கதைக்கு அதுவே பொருந்தும் முடிவு. குறை வேறு. படியளந்து பரிசளித்த கல்வி முறையை ஒருவரும் வினவாமலே, எஞ்சிய பகுதிகள் பிறிதொரு கதைக்குத் தாவிவிடுகின்றன. மிகோடோவின் ஆசிரியர் எவரேனும் இதனை அறிந்திருப்பின் என் செய்திருப்பார் என்பதைக் காட்டும் வாய்ப்பு அதனால் வீணாயிற்று.

உயிர் பிழைத்த 10032ஆம் எண்ணுடையாள் அதன் பின்னரும் படர்க்கையிலேயே பேசுகிறாள். அவள் பேச்சைத் திருத்தாது விட்டமை கதையாசிரியரின் நல்லறிவு.