பெல் வழக்கு: எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

2019 நவம்பர் 13 அன்று, கார்டினல் ஜார்ஜ் பெல்லின் அப்பீலை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 'விசாரிக்க ஒப்புக்கொண்டது' என்று செய்தி வந்தது. (அங்கே அதுதான் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம், சிறப்பு அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.) கறாராகப் பார்த்தால் அன்று அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு நீதிபதிகள் மனுவை முழு அமர்வுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அனுமதியும் விடுதலையும் 2020 ஏப்ரல் 7 அன்று ஒரே தீர்ப்பில் வந்தன. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக.

அந்தத் தீர்ப்பு விவகாரமே ஒரு கேள்வியைப் பற்றியது. 2019 ஆகஸ்டில் விக்டோரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்று தண்டனையை உறுதி செய்திருந்தது. புகார்தாரரின் சாட்சியத்தை வீடியோவில் பார்த்த பெரும்பான்மை நீதிபதிகள் அவரை நம்பினார்கள். அதுக்கப்புறம்தான் மற்ற சாட்சிகளிடம் வந்தார்கள். பூசை முடிந்ததும் பெல் வாசல் படியில் நின்று மக்களிடம் பேசுவார், அங்கியில் இருக்கும்போது கூடவே ஆள் இருக்கும், உடை மாற்றும் அறையில் நடமாட்டம் இருக்கும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். 'இவ்வளவுக்குப் பிறகும் சம்பவம் நடந்திருக்க வாய்ப்பு உண்டா?' உண்டு என்று முடித்துவிட்டார்கள்.

கேட்டிருக்க வேண்டியது, 'நடக்காமல் இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா?' என்பதை. ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும். ஆனால் முதல் கேள்வியில், நிரூபிக்கும் பாரம் சத்தமில்லாமல் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. உயர் நீதிமன்றம் பிடித்த தவறு இதுதான். சாட்சியை எடைபோடுவது ஜூரியின் வேலை, அதற்காக மேல்முறையீட்டு நீதிபதிகள் பொதுவாக வீடியோ பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னது.

இதை 'டெக்னிக்கல் ஓட்டை' என்பவர்களும், 'புகார் கொடுத்தவர் பொய் சொன்னார்னு கோர்ட்டே சொல்லிடுச்சு' என்பவர்களும் தீர்ப்பைப் படிக்கவில்லை. ஜூரி அவரை நம்பியது என்று வைத்துக்கொண்டுதான் ஏழு பேரும் ஆரம்பிக்கிறார்கள். நம்பிய பிறகும், மற்ற சாட்சியங்களைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் மிஞ்சுகிறது என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆகஸ்டிலேயே நீதிபதி வைன்பெர்க் தனி ஆளாக 'சந்தேகம் மிஞ்சுகிறது' என்று மாற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார். பெல் வெளியே வரும்போது 400 நாட்களுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. அந்த அனுமதி உரிமை அல்ல, நீதிமன்றத்தின் விருப்பம். கொடுக்காமல் விட்டிருந்தால், தப்பான கேள்விக்கு வந்த பதிலே கடைசித் தீர்ப்பாக நின்றிருக்கும். பெல்லுக்காவது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பேர் தெரியாத ஒரு கைதியின் மனு இதே மேஜைக்கு வந்தால்?