கறுப்பின இளங்காதற் கதைகளும் நம் அகத்துறைகளும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் பெருமகனார் தம் ஆயுள் முழுவதும் அரும்பாடுபட்டுத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களை, அவர் 1992-இல் காலமான பின்பு, சிகாகோப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கி, கடல் கடத்திக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்த வரலாறு இப்பகுதியில் பலரும் அறிந்ததே. அப்பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் சிகாகோ நகரின் தென்பகுதியோ, பருத்திக் காடுகளின் கொடுமை பொறாது தெற்கு மாநிலங்களை விட்டு ரயிலேறிவந்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் குடியேறி, தங்களுக்கென ஒரு வாழ்வையும் இலக்கியத்தையும் சமைத்துக்கொண்ட இடமாகும். நம் ஏடுகளைக் காத்தளித்த ஊரின் அயல்வீதிகளில் எத்தகைய கதைகள் பிறந்தன என்று நாம் அறிய முயல்வது கடமையும் ஆகும், இன்பமும் ஆகும்.

அவ்விலக்கியப் பரப்பு முழுவதையும் ஒரு கட்டுரையில் அளந்துவிட இயலாது. பதின்பருவத்துக் காதலைப் பாடுபொருளாகக் கொண்ட கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் பயின்றுவரும் கருக்கள் யாவை என்று நோக்குவதே இங்கு என் நோக்கம். அதற்குரிய அளவுகோலை நாம் வேற்றிடத்தில் தேட வேண்டுவதில்லை. கதைக் கரு என்று இன்று சொல்வதையே நம் முன்னோர் துறை என்று வகுத்து, களவு, அலர், இற்செறிப்பு, உடன்போக்கு என இளங்காதலின் சந்தர்ப்பங்கள் அனைத்துக்கும் பெயரிட்டு வைத்தனர். குறிஞ்சி பாடுவதில் நிகரற்ற கபிலர் பாரியோடு வாழ்ந்த பறம்பு, இன்று பிரான்மலை என்ற பெயரோடு நம் சிவகங்கை மாவட்டத்திலேயே நிற்கிறது.

முதலில் இரவுக்குறி. தலைவியைக் காண இருளில் வரும் தலைவனைத் தோழி தடுத்து, வழியிடையே பாம்பும் யானையும் காட்டாறும் உண்டென்று அஞ்சியுரைப்பது நம் மரபு. அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய நாளில், ஒரு பண்ணையில் உழைத்த கறுப்பின ஆடவன் பல கல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையில் வாழ்ந்த தன் துணையைக் காண எஜமானின் அனுமதிச் சீட்டோடு இரவில் நடந்தான். சீட்டில்லாது அகப்பட்டால் ரோந்துக்காரர்களின் சவுக்கடி. அவர்கள் திருமணத்தைச் சட்டம் திருமணமென்றே ஏற்கவில்லை. அந்த வழியச்சம் அடிமை முறையோடு ஒழியவில்லை என்பதைக் காட்டுவது ஜாக்குலின் உட்ஸன் 1998-இல் எழுதிய ‘இஃப் யூ கம் சாஃப்ட்லி’ என்னும் புதினம். நியூயார்க் பள்ளியொன்றில் பயிலும் ஜெரமையா என்ற கறுப்பினச் சிறுவனும் எல்லி என்ற யூதச் சிறுமியும் பதினைந்து வயதில் கொள்ளும் நேசத்தை மென்மையாகச் சொல்லிவரும் அக்கதை, குற்றவாளியெனத் தவறாகக் கருதிய காவலரின் குண்டுக்கு அச்சிறுவன் பலியாவதில் முடிகிறது. யானைக்கும் பாம்புக்கும் அஞ்சிய நம் தோழி, காவலருக்கு அஞ்ச நேர்ந்திருந்தால் என்ன பாடியிருப்பாளோ!

அடுத்தது குறியிடம். காதலருக்கு ஓரிடம் வேண்டும் என்ற எளிய உண்மையையே கருவாக்கிக் கவிஞர் ஜூன் ஜோர்டன் 1971-இல் எழுதிய ‘ஹிஸ் ஓன் வேர்’, கறுப்பின மக்களின் பேச்சுவழக்கிலேயே முழுவதும் இயன்ற சிறு நூல். பதினாறு வயது பட்டியும் அவன் நேசிக்கும் ஏஞ்சலாவும், வீடும் தெருவும் பள்ளியும் தங்களுக்கு இடந்தர மறுக்கவே, தமக்கென ஓரிடம் தேடி இறுதியில் இடுகாட்டை அடைகிறார்கள். வேங்கை மரத்தடியும் கடற்கரைப் புன்னையும் வாய்த்த நம் தலைமக்களை நினைத்துக்கொண்டு இந்நூலைப் படிப்பவருக்கு, நகரத்து ஏழைப் பிள்ளைகள் இழந்தது எதுவென்பது நெஞ்சில் தைக்கும்.

ஊரார் பழிதூற்றும் அலர் என்னும் துறை அந்நாட்டில் உயிரைக் குடிக்கும் துறையாயிற்று. சிகாகோவிலிருந்து மிசிசிப்பியிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்ற எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன், வெள்ளைக்காரப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்ற பேச்சின் பேரில் 1955-இல் கொலையுண்டான். காதலர் ஊரைவிட்டு ஒன்றாகச் செல்லும் உடன்போக்குக்கும் அவ்வாறே விலை இருந்தது. 1958-இல் வர்ஜீனியாவிலிருந்து வாஷிங்டன் சென்று மணந்து திரும்பிய ரிச்சர்டு, மில்ட்ரெட் லவ்விங் இணையர், கணவர் வெள்ளையர், மனைவி அல்லர் என்ற ஒரே காரணத்தால் தம் வீட்டில் நள்ளிரவில் கைதாயினர். அவர்கள் தொடர்ந்த வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த அன்றும் பதினாறு மாநிலங்களில் இத்தகைய கலப்புமணத் தடைச்சட்டங்கள் இருந்தன.

இத்துணைத் துயரத்தின் நடுவே அண்மைக்கால எழுத்தாளர் மேற்கொண்ட ஒரு மாற்றமே என்னை மிகவும் கவர்ந்தது. துயரத்தை மறவாமல், ஆனால் துயரத்துக்கே கதை முழுவதையும் எழுதிக்கொடுத்துவிடாமல், தம் பிள்ளைகளின் நாணத்தையும் ஊடலையும் சிரிப்பையும் பாடுபொருளாக்கும் உரிமையை அவர்கள் மீட்டுக்கொண்டனர். ஜமைக்காவிலிருந்து வந்த பெண்ணொருத்தி கொரிய வம்சத்துப் பையன் ஒருவனை ஒரே பகற்பொழுதில் அறிந்து நேசிக்கும் கதையை நிக்கோலா யூன் 2016-இல் எழுதினார். அவரும் வேறு ஐந்து கறுப்பினப் பெண் எழுத்தாளர்களும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ‘பிளாக்அவுட்’ என்னும் நூல், நியூயார்க் நகரம் மின்சாரமின்றி இருண்ட ஓர் இரவில் மலரும் இளங்காதல்களின் தொகுதி. இருட்டில் நடக்கும் பிள்ளை உயிரோடு வீடு சேர்வான் என்று வாசகர் நம்பத் தகுந்த கதை ஒன்றை எழுதுவதற்கு அச்சமூகம் எத்தனை தலைமுறை காத்திருந்தது!

நம் நிலை என்ன? இம்மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், பினாங்கு வட்டிக்கடைச் சூழலில் செல்லையாவும் முதலாளி மகள் மரகதமும் கொண்ட காதல் கைகூடாமற் போனதை ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் அழியாத சித்திரமாக்கினார். சாதி கடந்த இளங்காதலை, 2004-இல் வந்த ‘காதல்’ திரைப்படமும், இமையத்தின் ‘பெத்தவன்’ நெடுங்கதையும், பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலும் நெஞ்சு பதைக்கச் சொல்லின. நாட்டில் நடப்பது அதுவாகவே இருக்கையில் அவற்றின் முடிவைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. எனினும், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பெண்ணோ பிள்ளையோ காதல்வயப்பட்டால் அக்கதை வெட்டிலோ தீயிலோதான் முடியும் என்பது நம் இலக்கியத்தில் ஒரு சம்பிரதாயமாகவே உறைந்துவிடலாகாது என்பது என் உறுதியான கருத்து.

கருக்களுக்கு இங்குப் பஞ்சமில்லை. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தார் என்ற முறையறியாது பழகிவிட்ட இருவர். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவனின் கடிதத்துக்காக வீட்டின் இரண்டாங்கட்டில் காத்திருந்த சிறுபெண். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக்குழம்பு ஊற்றும் தந்தையின் கைவண்ணத்தைப் பார்த்தே வளர்ந்து, கல்லூரிப் பேருந்தில் ஒருத்திக்கு இடம் பிடித்துவைக்கும் மகன்.

இவை யாவற்றினும் பெரிய கரு ஒன்று உண்டு. சிவகங்கை அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். ஆண்கள் சட்டை அணியலாகாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகி, பிள்ளைகள் படிக்கலாகாது என்பதும் சேர்ந்தது. சற்று நிதானித்து நோக்கினால், இவற்றுட் பெரும்பாலானவை ஒரு யௌவனப் பிள்ளை மற்றொருவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதையே குற்றமாக்கிய கட்டளைகள் என்பது விளங்கும்.

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிற்பக்கம் மாலைவேளையில், பள்ளிச் சீருடையோடு வந்த ஒரு சிறுமி முல்லைச்சரம் ஒரு முழம் வாங்கி, தோழியிடம் பாதியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, பூக்காரியின் தகரப்பெட்டி மூடியில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துச் சூடிக்கொண்டதை அண்மையில் கண்டேன். அவள் எந்தத் தெருவினள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அகப்பாடலில் தலைவியின் பெயரைச் சொல்லலாகாதென்று நம் இலக்கணம் விதித்ததன் பெருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அவள் பூச்சூடியதிலிருந்து தொடங்கி, அவள் பத்திரமாக வீடு திரும்புவதில் முடியும் ஒரு காதற்கதையை நம்மவர் யாரேனும் எழுத வேண்டும்.