நெடுநல்வாடையும் வேப்பந்தழையும்

காதலைப் பலர் கூடிப் பாடுங்கால் வரம்பு வேண்டும் என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். குறுந்தொகையில் மட்டும் 200க்கும் மேற்பட்ட புலவர். அனைவர்க்கும் தலைவன், தலைவி, தோழி, செவிலி என அதே மாந்தர். தொல்காப்பியம் வகுத்த விதிகளுள் கடுமையானது, ஐந்திணைக் காதலரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது. கூடலைக் குறிஞ்சிக்கு உரிமையாக்கிய மரபு, அதனை வெளிப்பட விரிக்காமல் அருவியிலும் வேங்கையிலும் உள்ளுறையாக வைத்தது. இவ்வரம்பு புலவரின் கையைக் கட்டியதாக நாம் கருதவில்லை. பெயரற்ற தலைவியின் துயரில் எவரும் தம் துயரைக் காணலாம் அன்றோ? (பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம் இல்லங்களில் பாலைத்திணைக்கு உரை வேண்டியதில்லை!)

ஆயினும் உரையாசிரியர் இவ்விதியைச் செலுத்திய முறை ஓரிடத்தில் நமக்கு உடன்பாடன்று. நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசி பிரிவால் வாடுகிறாள். அரசன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் காண்கிறான். இருவர் பெயரும் பாட்டில் இல்லை. எனினும் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது என்று நச்சினார்க்கினியர் இதனைப் புறத்தில் சேர்த்தார். விதிப்படி பிழையன்று. ஆனால் அணி களைந்து, மாசேறிய ஆடையுடன், விதானத்தில் எழுதிய திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறியும் அவளை ஒரு தழையின் பொருட்டு அகத்தினின்று வெளியேற்ற நம் மனம் ஒப்பவில்லை. 188 அடிகளில் அத்தழை வருவது ஓரடியில்தான்.